நாலாம் வகுப்புக் கவர்

கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பது என் வேலை. பதினெட்டு வருஷமாக அதே கண்ணாடி ஜன்னல், அதே அரைவட்ட ஓட்டை. அந்த ஓட்டை வழியாக என்னென்ன சொல்லிக் கேட்டிருக்கிறார்கள் என்று ஆரம்பித்தால் ஒரு பொழுது போதாது. "டாக்டருக்கு நான் சித்தப்பா முறை." "பஸ்ஸுக்கு நேரமாச்சு." "எனக்கு ஒரு கண்ணுதாம்மா காட்டணும், பாதி நேரத்துல முடிஞ்சிடும்." யாருக்கும் நான் மசிந்ததில்லை. கூடப் பிறந்த தங்கை கண் வீங்கி வந்து நின்ற அன்றும் அவளைக் கடைசியில்தான் உட்கார வைத்தேன். என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது, 'டோக்கன் அக்கா' என்றால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டும். அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் இந்த வருஷக் குலுக்கலை என் தலையில் கட்டியதற்கும் அதுதான் காரணம். என் மகன் அங்கே மூன்றாம் வகுப்பு, தங்கை மகள் இரண்டாம் வகுப்பு. நூலக அறையின் கூரை ஒழுகி, புத்தகங்கள் எல்லாம் உப்பிப்போய்க் கிடந்தன. கூரையை மாற்றப் பணம் வேண்டும். ஆனால் போன வருஷம் நடந்த குலுக்கல் சந்தி சிரித்துப் போயிருந்ததால் டிக்கெட்டை யாரும் கையால் தொடமாட்டார்கள் என்ற நிலைமை.

போன வருஷம் சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு, மேலே கிடந்ததை எடுத்தார்கள். மேலே கிடந்தது கடைசியாக வந்த சீட்டு. கடைசியாக வாங்கியவர், வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவரின் மச்சான். வேண்டுமென்று செய்ததில்லை என்று நான் நம்புகிறேன். முனையில் இருக்கும் மருந்துக்கடைக்காரர் நம்பவில்லை. ஒரு வருஷமாக மாத்திரையோடு அந்தக் கதையையும் சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"குலுக்கல்னு பேர வச்சுட்டு ஒரு தடவகூட குலுக்கலையே டீச்சர்," என்றேன் நான்.

"அதனாலதாம்மா உங்கள கூப்பிட்டேன். நல்லா குலுக்குங்க," என்றார் பெரிய டீச்சர்.

குலுக்கினேன். முதலில் ஆட்களைக் குலுக்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே பரிசு என்று வைத்தேன், இரண்டு மூன்று என்று வைத்தால் எது பெரிசு என்று ஒரு சண்டை வரும். கடை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் புத்தம் புதுத் தையல் மெஷினைக் கொடுத்தார். மோட்டார் வைத்தது. ஆறு வகுப்புக்கும் தலா நூறு டிக்கெட். ஒன்றாம் வகுப்புக்கு ஒன்று முதல் நூறு, இரண்டாம் வகுப்புக்கு நூற்றி ஒன்று முதல் இருநூறு என்று வரிசையாக அறுநூறு வரைக்கும். வாங்குபவர் பாதியைக் கிழித்துக்கொண்டு போவார். பெயரும் எண்ணும் எழுதிய மீதிப் பாதி, அதாவது அடிக்கட்டை, குலுக்கலுக்கு வரும். அதை எப்படி மடிக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி மடித்து ஒவ்வொரு டீச்சருக்கும் கொடுத்தேன். ஒன்று பெரிதாக ஒன்று சிறிதாக இருந்தால், பெரியதுதான் கையில் மாட்டும். வாளிக்குப் பதில் பழைய வாஷிங் மெஷின் டிரம் ஒன்றை ரிப்பேர்காரரிடம் சொல்லி, கைப்பிடி வைத்துச் சுற்றுகிற மாதிரி மாட்டச் சொன்னேன்.

"டிக்கெட்ட துவைச்சு எடுக்கப் போறீங்களாக்கா?" என்று கேட்டார் அவர்.

"ஆமா. போன வருஷத்து அழுக்கு போகணும்ல," என்றேன்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி அடிக்கட்டைகளைப் பற்றியது. வகுப்பு டீச்சர் அவற்றைக் கவரில் போட்டு ஒட்டி வைத்திருக்க வேண்டும். என் கையில் மட்டும் கொடுக்க வேண்டும். ஆசிரியர்கள் அறையில் விரலை ஆட்டி ஆட்டி இதைச் சொன்னேன். "கடவுளே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க. என் கையில மட்டும்தான்." மற்ற டீச்சர்கள் சிரித்தார்கள். நாலாம் வகுப்பு டீச்சர் மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத பெண். இப்படி ஒருத்தி இருந்தால் போதும் என்று அன்றைக்கு எனக்கு மனசு குளிர்ந்தது.

என் குடும்பத்தில் யாரும் டிக்கெட் வாங்கக் கூடாது என்றும் ஒரு விதி வைத்தேன். அதைச் சொல்லத் தங்கை வீட்டுக்குப் போனால், அவள் ஏற்கெனவே மூன்று டிக்கெட் வாங்கி அலமாரியில் வைத்திருந்தாள். அதுமட்டுமில்லை, ஜன்னலுக்குக் கீழே இருந்த பழைய மேஜையை எடுத்துவிட்டு, அந்த இடத்தை டேப்பால் அளந்து சுவரில் பென்சிலால் இரண்டு கோடு வேறு போட்டிருந்தாள்.

"வெளிச்சம் இங்கதான்க்கா நல்லா வருது," என்றாள்.

அவள் ஒரு டெய்லர் கடையில் கடைக்காரரின் மெஷினில் தைப்பவள். அவர் மாதக் கடைசியில் கடையை மூடிக்கொண்டு மகனிடம் போகிறார், மெஷின்களும் கூடவே போகின்றன. வாடிக்கைக்காரர்கள் எல்லாம், "நீ வீட்டுல ஒரு மெஷின் போடு, நாங்க அங்கயே வர்றோம்" என்று சொல்லிவிட்டார்கள். மெஷின் இல்லையென்றால் பிஸ்கட் கம்பெனிதான். நாள் முழுக்க நின்றுகொண்டு பாக்கெட் ஒட்ட வேண்டும். அவர்கள் அவளை வேலைக்கு எடுத்தும் விட்டார்கள். கை வேலைக்காரி அவள், பேப்பரில் படம் பார்த்தே சட்டை வெட்டுவாள். அவளைப் போய் பாக்கெட் ஒட்டச் சொல்வதை நினைத்தாலே எனக்கு ஆத்திரமாக வரும். இருந்தாலும் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். விஷயம் பெரிய டீச்சர் வரைக்கும் போய், "தனி வீடு, தனி அடுப்பு, அவங்க வாங்கலாம்" என்று தீர்ப்பானது.

குலுக்கல் அன்று மைதானத்தில் எள் போட்டால் விழாத கூட்டம். அறுநூறும் விற்றுவிட்டது. நான் காலையிலிருந்து பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். கடைசி நேரத்தில் டிரம்மின் கைப்பிடியில் ஒரு போல்ட் கழன்றுவிட்டது. நானும் ரிப்பேர்காரரும் மேடையில் தரையோடு தரையாகக் கிடந்து அதை முடுக்கிக்கொண்டிருந்ததால், வகுப்பு வகுப்பாகப் போய்க் கவர்களை வாங்கி வரும்படி விளையாட்டு சாரை அனுப்பினேன். அவர் வந்து மேஜைமேல் வைத்தார். எண்ணினேன். ஆறு வகுப்பு, ஆறு கவர். பார்த்தீர்களா, கடிகாரம் மாதிரி நடக்கிறது என்று எனக்குள் நானே முதுகைத் தட்டிக்கொண்டேன். எல்லோரும் பார்க்க ஆறையும் கிழித்து டிரம்மில் கொட்டினேன்.

சுற்றுவதற்கு மருந்துக்கடைக்காரரையே கூப்பிட்டேன். மனிதர் இருபது சுற்று சுற்றினார், வியர்த்துக் கொட்டியது. எடுப்பதற்குப் பள்ளிக்கூடத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத தபால்காரர். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை விட்டு ஒன்றை எடுத்தார். நான் பிரித்து மைக்கில் வாசித்தேன்.

"நூற்றி நாற்பத்தி ஏழு."

அடுத்து பெயரை வாசித்தேன். என் தங்கை.

அவள் எழுந்தாள், உடனே உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். மேடைக்கு வந்தவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேரே மெஷினிடம் போய் அதன் சக்கரத்தை விரலால் லேசாகத் திருப்பினாள். ஊசி ஒரு தடவை இறங்கி ஏறியது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழத்தான் செய்தது. "டோக்கன் அக்கா தங்கச்சியாச்சே." அதற்கு மருந்துக்கடைக்காரரே பதில் சொன்னார். "நானேதான்யா சுத்தினேன். குறை சொல்ல வழியே இல்ல," என்றார். குரலில் அவ்வளவு ஏமாற்றம்.

நான் மேடையை விட்டு இறங்கியபோது நாலாம் வகுப்பு டீச்சர் எதிரே வந்தார். நெஞ்சோடு ஒரு கவரை அணைத்துப் பிடித்திருந்தார்.

"அக்கா, எங்க கவர எப்ப வாங்கிக்கப் போறீங்க?"

"எந்தக் கவர்?"

"நாலாம் வகுப்பு. விளையாட்டு சார் வந்து கேட்டாரு. உங்க கையில மட்டும்தான் குடுக்கணும்னு சொன்னீங்கல்ல, தரமாட்டேன்னுட்டேன். மறுபடியும் கேட்டாரு, நானே நேர்ல குடுத்துக்கறேன்னு அனுப்பிட்டேன். பீரோல வச்சுப் பூட்டிட்டேன்." பாராட்டுவேன் என்று எதிர்பார்த்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மேஜைக்குப் போய், கிழித்த கவர்களைப் புரட்டினேன். ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஒரே கவரில் அடங்கவில்லை என்று இரண்டு கவரில் பிரித்துப் போட்டிருக்கிறார். இரண்டிலும் தெளிவாக 'ஐந்து' என்று எழுதியிருக்கிறது. நான் கவரை எண்ணினேனே தவிர, கவர்மேல் இருந்ததைப் படிக்கவில்லை. கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள்!

நூறு டிக்கெட் டிரம்முக்குள் போகவே இல்லை. அந்த நூறை வாங்கியவர்கள் ஜெயிக்க வழியே இல்லாமல் மைதானத்தில் உட்கார்ந்து கை தட்டியிருக்கிறார்கள். இது எனக்கும் அந்தச் சின்ன டீச்சருக்கும் மட்டும்தான் தெரியும். டீச்சருக்குக்கூட இன்னும் முழுசாகப் புரியவில்லை. கவரை வாங்கிக் கைப்பைக்குள் திணித்துவிட்டு, "சரிம்மா" என்றால் முடிந்தது. பொய் சொல்லமாட்டேன், ஒரு நிமிஷம் அப்படியும் நினைத்தேன். சுவரில் இருந்த அந்த இரண்டு பென்சில் கோடுகள் கண்முன் வந்தன.

அடுத்த நிமிஷமே மனசு மறுகோடிக்கு ஓடியது. மைக்கைப் பிடித்து, "என் தங்கச்சி ஜெயிச்சது செல்லாது, கேன்சல்" என்று அறிவித்துவிட வேண்டியது. கூட்டம் வாயைப் பிளக்கும். மருந்துக்கடைக்காரர் ஒரு வருஷத்துக்கு வேறு கதை சொல்வார். உண்மையைச் சொன்னால், அதை நினைக்க எனக்கு நன்றாக இருந்தது.

மேடைக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்த அறைக்குத் தங்கையைக் கூட்டிப்போய்ச் சொன்னேன். கவரையும் காட்டினேன்.

"அதனால கேன்சல் பண்ணிட்டு மொதல்லேருந்து எடுக்கப் போறேன். மனசத் தேத்திக்கோடி."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"மருந்துக்கடைக்காரர் ஜெயிச்சிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"அதையேதான்."

"பொய் சொல்லாதக்கா. அவர் சும்மா விடுவாரா? என்ன வழின்னு உக்காந்து யோசிச்சிருப்ப. பெரிய டீச்சரக் கேட்டிருப்ப. எனக்குன்னா மட்டும் படக்குனு கேன்சல். அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் ஏழாவது ஆளா வந்தேன். நீ எனக்கு நாப்பத்தி ரெண்டு குடுத்த. ஞாபகம் இருக்கா?"

"யாரும் எதுவும் சொல்லக் கூடாதுன்னு..."

"ஏழுக்கு ஏழு குடுத்தா யாரு என்ன சொல்லுவாங்க? உனக்கு நேர்மையானவன்னு ஒரு பேரு. அதுக்கு சந்தா கட்டறது மட்டும் நானா?" அவள் குரல் உடைந்தது. "எனக்கு ஒண்ணும் கூடுதலா வேணாம். வேற யாராவதா இருந்தா என்ன யோசிப்பியோ, அத எனக்கும் யோசி. அவ்வளவுதான்."

சுருக்கென்று தைத்தது. பதினெட்டு வருஷத்துப் பெருமையில் பாதி அந்த அறையிலேயே இறங்கிப்போனது. உடைந்த பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்து, மருந்துக்கடைக்காரர்தான் ஜெயித்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டு யோசித்தேன். அப்படி வைத்துக்கொண்டதும் மூளை ஒழுங்காக வேலை செய்தது.

டிரம்மில் இருந்தது ஐந்து வகுப்பு. அந்த ஐந்துக்குள் நடந்த குலுக்கலில் எந்தத் தப்பும் இல்லை. தப்பு எல்லாம் நாலாம் வகுப்பு வெளியே நின்றதுதான். அப்படியானால் ஆறில் ஐந்து பங்கு வாய்ப்பு ஜெயித்தவளுக்கு, ஆறில் ஒரு பங்கு நாலாம் வகுப்புக்கு. ஆறு சாக்பீஸ் எடுத்து ஒரு பையில் போட வேண்டும். ஐந்து வெள்ளை, ஒன்று நீலம். வெள்ளை வந்தால் ஜெயித்தவள் ஜெயித்தவள்தான். நீலம் வந்தால் நாலாம் வகுப்பு அடிக்கட்டைகள் நூறையும் டிரம்மில் போட்டு, அதில் ஒன்றை எடுக்க வேண்டும்.

பெரிய டீச்சரிடம் ஓடினேன். இருபது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர். உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "சரியா வருதும்மா. அறுநூறு டிக்கெட்டுக்கும் அறுநூறுல ஒண்ணு. யாருக்கும் கூடல, யாருக்கும் குறையல."

மேடையேறி மைக்கைப் பிடித்தேன். கவரைத் தூக்கிக் காட்டி, "தப்பு என்னோடது. கவர எண்ணினேன், படிக்கல. இந்த டீச்சர் நான் சொன்னபடிதான் நடந்திருக்காங்க. அவங்கள யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது," என்றேன். பிறகு சாக்பீஸ் கணக்கைச் சொன்னேன். மைதானமே சலசலத்தது. எதிர்பார்த்தபடி மருந்துக்கடைக்காரர் எழுந்தார்.

"எதுக்கு சுத்தி வளைக்கறீங்க? அறுநூறையும் போட்டு மறுபடி எடுங்க. விஷயம் முடிஞ்சுது."

"எடுத்தா ஜெயிச்சவங்க நிலைமை என்ன சார்? ஒழுங்கா ஜெயிச்சவங்கள, என் தப்புக்காக மறுபடி அறுநூறுல ஒரு ஆளா ஆக்கறதா?"

"ஜெயிச்சது உங்க தங்கச்சி. அதனாலதானே இந்த சாக்பீஸ் எல்லாம்?"

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இந்தக் கேள்விக்கு நான் சுருண்டிருப்பேன். "என் தங்கச்சிங்கறதால கேன்சல் பண்ணத்தான் சார் மொதல்ல பாத்தேன். அதுதான் அநியாயம். என் தங்கச்சியா பொறந்ததுக்கு அவளுக்குக் கூடுதலும் கெடையாது, குறைச்சலும் கெடையாது. இப்ப நீங்க சொல்லுங்க. நீங்க ஜெயிச்சு, மெஷின் மேல கைய வச்சுட்டு நிக்கறீங்க. நான் வந்து கேன்சல்னு சொல்றேன். குடுப்பீங்களா?"

"நானா? போலீசுக்குப் போவேன்!" என்றார் யோசிக்காமல். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி சரி, போடுங்க சாக்பீஸ."

"நீங்களே வந்து எடுங்க."

அவர் இரண்டு படி ஏறிவிட்டு நின்றார். தலையைச் சொறிந்தார். "வேணாம்மா. என் பொண்ணு நாலாம் வகுப்பு. அந்தக் கவர்ல எனக்கு ரெண்டு டிக்கெட் இருக்கு. நான் எடுக்கக் கூடாது." அந்த மனிதரை அன்றுதான் முதல்முறையாக எனக்குப் பிடித்தது.

டீக்கடையிலிருந்து தபால்காரரை மறுபடி இழுத்து வந்தார்கள். புது சாக்பீஸ்கள் ஆறையும் மேஜைமேல் வரிசையாக நிறுத்தி ஒரே உயரம்தானா என்று பார்த்து, ஒவ்வொன்றாகத் துணிப்பையில் போட்டேன். தங்கை மேடை ஓரத்தில், மெஷினைத் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தபால்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விட்டார்.

நீலம்.

மைதானம் 'அடடா' என்றது. அறுநூறு டிக்கெட் வாங்கிய கூட்டம், அத்தனை பேரும் சேர்ந்து ஒரே குரலில். பழையதை எல்லாம் கொட்டிக் காலியாக்கிய டிரம்மில் நூறு அடிக்கட்டைகள் விழுந்தன, சுற்றியது, முந்நூற்றி அறுபத்தி இரண்டு வந்தது. ஒரு பைக் மெக்கானிக். ஹெல்மெட்டைக் கழற்றவும் மறந்து மேடைக்கு வந்து மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது எத்தன சிசி?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கை தட்டியவர்களில் என் தங்கையும் இருந்தாள். அதன் பிறகு அவளைக் காணவில்லை.

தேடிப் போனால், குழந்தைகளுக்காக இடுப்பளவு உயரத்தில் வைத்திருக்கும் குழாய் வரிசையில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழுவினாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன்.

"கம்பெனியில எப்ப வரச் சொன்னாங்க?"

"ஒண்ணாந்தேதி." குழாயை மூடினாள். கண் சிவந்திருந்தது. "ஒரு அஞ்சாறு மாசம் ஒட்டினா பழைய மெஷினாவது வாங்கிடலாம். பாத்துக்கலாம், விடு."

"நான் அந்தக் கவர ஒழுங்கா படிச்சிருந்தா..."

"படிச்சிருந்தா நூறும் உள்ள இருந்திருக்கும். என் சீட்டே வராமப் போயிருக்கும்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு அஞ்சு வெள்ள போட்டல்ல?"

"கணக்கு அதுதானடி."

"கணக்குதான். ஆனா இத்தன வருஷத்துல நீ எனக்கு அந்தக் கணக்கப் போட்டதே இல்லக்கா."

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். மைதானத்தில் மைக்கைப் பிடித்து யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் போகவில்லை.